மூன்றாம் நாளே உடைகிற டைம்டேபிளும், பின்னாலேயே வரும் குற்ற உணர்ச்சியும்

கேள்வி: எனக்கு 38 வயது, ஈரோடு. வீட்டிலிருந்தபடியே பத்துப் பன்னிரண்டு சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேர், 9 வயதும் 5 வயதும். மாமியார் எங்களோடு இருக்கிறார், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். இந்த வருஷத்தில் மட்டும் ஏழு முறை டைம்டேபிள் போட்டுவிட்டேன். 5 மணிக்கு எழுவது, 5.15 முதல் 6 வரை யோகா, 6 முதல் 7 வரை பரீட்சைக்குப் படிப்பு, 9.30 முதல் 1.30 வரையும் 2.30 முதல் 5.30 வரையும் வேலை, 6 முதல் 7 வரை நடை, 8 முதல் 9 வரை பிள்ளைகளின் பாடம், 9.30க்கு அரை மணி வாசிப்பு, 10க்குத் தூக்கம். மூன்றாம் நாள் ஏதாவது ஒன்று உடைகிறது, அதோடு மொத்தமும் போகிறது. அப்புறம் ஒரு வாரம் என்மேலேயே எரிச்சல். ஒழுக்கமே இல்லாதவளா நான்? 1,800 ரூபாய்க்கு ஒரு பிளானர் விற்கிறார்கள், வாங்கலாமா?

பதில்:

உங்கள் டைம்டேபிளை நான்கு தடவை படித்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வேளைச் சாப்பாடுகூட இல்லை.

7 மணிக்குப் படிப்பு முடிகிறது, 9.30க்கு வேலை தொடங்குகிறது. நடுவில் இரண்டரை மணி நேரம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் இட்லி வேகிறது, இரண்டு டிபன் பாக்ஸ் நிரம்புகிறது, மாமியாருக்குச் சர்க்கரை பார்த்து ஊசி போடுகிறீர்கள், சின்னவனின் ஒற்றைச் சாக்ஸைத் தேடுகிறீர்கள், குழாயில் தண்ணீர் வந்தால் பிடிக்கிறீர்கள். மாலையிலும் அதே கதை. இதெல்லாம் நீங்கள் தினமும் செய்து முடிக்கிற வேலை. அதைக் கணக்கில் எழுதாமல், செய்ய நினைத்த வேலையை மட்டும் எழுதிவிட்டு, கணக்கு உதைக்கிறதே என்று வருத்தப்படுகிறீர்கள். ஒரு வாடிக்கையாளர் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் உங்களிடம் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன சொல்வீர்கள்?

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் நாடு முழுக்க மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறது. 2019 கணக்குப்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அது 289க்கும் 88க்கும் வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கைக்குழந்தையையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. ஐந்து மணி நேரத்தை எழுதாமல் விட்ட எந்த டைம்டேபிளும் மூன்று நாள் நின்றதே பெரிது. ஒழுக்கம் இல்லாதவளா என்று கேட்டீர்கள். என் பதில்: கூட்டலில் பிழை.

என்னைப் பற்றி இரண்டு வரி. அரசு மருத்துவமனையில் 24 வருடம் நர்ஸாக இருந்தேன், பிறகு நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தேன். காலை டியூட்டி, மதிய டியூட்டி, நைட் டியூட்டி என்று மாறிக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில் தினமும் ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்வது என்பதே கிடையாது. கல்யாணமான புதிதில் நானும் டைம்டேபிள் போட்டு ஒட்டினேன். நைட் முடித்துக் காலை எட்டரைக்கு வீடு திரும்பி, கதவுக்குப் பின்னால் ‘6.00 - நடை’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து ஒருநாள் அழுதுவிட்டேன். மறுநாள் அதைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும், இந்த விஷயத்தில் ஆய்வு செய்தவர்கள் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கோலத்தைப் பாருங்கள். கோலம் போடாத வீடு உங்கள் தெருவில் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வீட்டிலாவது கோலத்துக்கு டைம்டேபிள் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரண நாளில் ஐந்து புள்ளி, ஏழு புள்ளி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் தண்ணீர் தெளித்து நாலு கோடு இழுத்து ஒரு நட்சத்திரம். வெள்ளிக்கிழமை கொஞ்சம் பெரிசு, செம்மண் கரை. மார்கழி வந்தால் தெருவை அடைத்து, நடுவில் சாணிப் பிள்ளையாரும் பூசணிப்பூவும். மழை கொட்டினால் வாசலை விட்டு உள்ளே பூஜையறையில் சின்னதாக. வீட்டில் சாவு விழுந்தால் சில நாள் கோலமே கிடையாது. அந்த நாட்கள் முடிந்ததும் மறுபடி போடுகிறோம். ‘ஐயோ, பழக்கம் விட்டுப்போச்சே, முதலிலிருந்து ஆரம்பிக்கணுமே’ என்று யாரும் தலையில் கை வைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக நிற்கிற ஒரு தினசரிப் பழக்கம், ஆனால் அளவு தினமும் வேறு. (ஸ்டிக்கர் கோலம் வேறு கதை, அதை விடுவோம்.)

நீங்கள் எழுதியது 365 நாளுக்கும் மார்கழிக் கோலம். 45 நிமிட யோகா, ஒரு மணி நேரப் படிப்பு, ஒரு மணி நேர நடை, அரை மணி வாசிப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். யோகாவுக்கு நட்சத்திரக் கோலம் என்றால் பால் பொங்குவதற்குள் அடுப்படியிலேயே கையைத் தூக்கி, முதுகை வளைத்து, நாலு மூச்சு. அன்றாடக் கோலம் பதினைந்து நிமிடம். மார்கழிக் கோலம், பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை 45 நிமிடம். படிப்புக்கும் அப்படியே: ஒரு கணக்கு, ஒரு பகுதி, ஒரு முழுப் பாடம். சின்ன அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 19ஆம் தேதி ராத்திரி, மறுநாள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள், சின்னவனுக்குக் காய்ச்சல், மூன்று வாடிக்கையாளர்கள் இன்னும் பில் அனுப்பவில்லை. அந்த ராத்திரியிலும் செய்ய முடியுமா? முடியாது என்றால் இன்னும் குறையுங்கள். ‘இவ்வளவு சின்னதாகச் செய்து என்ன பிரயோஜனம்’ என்று தோன்றும். நட்சத்திரம் போட்ட நாளும் கோலம் போட்ட நாள்தான்.

நாம் ஏன் எப்போதும் நல்ல நாளை மனதில் வைத்தே திட்டம் போடுகிறோம் என்பதற்கு கனடாவில் செய்து 1994இல் வெளியான ஒரு ஆய்வு எனக்குப் பிடிக்கும். பட்டப்படிப்பின் கடைசியில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாள். எல்லாம் தப்பாகப் போகும் என்று கற்பனை செய்யச் சொன்னபோதுகூட, உண்மையில் நடந்ததைவிட நல்லதாகத்தான் அவர்களால் கற்பனை செய்ய முடிந்தது. ஆகவே அடுத்த டைம்டேபிளுக்கு முன்னால் ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். எந்த வேலை எத்தனை மணிக்கு ஆரம்பித்து எப்போது முடிந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தோசை ஊற்றி முடிக்க இருபது நிமிடம் என்று நினைத்திருப்பீர்கள், நாற்பது என்று வரும். அந்தக் குறிப்பில்தான் உங்கள் நிஜமான நாள் இருக்கிறது.

அப்புறம், கடிகாரம். மணிக்கணக்கில் எழுதிய டைம்டேபிளில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. 5.15 தவறினால் யோகா போயே போய்விட்டது, 5.40க்கு அதற்கு இடமில்லை. என் நைட் டியூட்டி நாட்களில் நான் பிடித்துக்கொண்டது வரிசை. ‘காலை 6 மணி’ என்பதை அடித்துவிட்டு ‘எழுந்ததும்’ என்று எழுதினேன். எழுந்ததும் பல் துலக்கி, தண்ணீர் குடித்து, மொட்டை மாடியில் பத்துச் சுற்று நடந்து, அப்புறம் காபி. எழுவது காலை ஐந்தானாலும் மதியம் இரண்டானாலும் வரிசை மாறவில்லை. உங்களுக்கும் தினமும் தவறாமல் நடக்கிற காரியங்கள் இருக்கின்றன: பால் காய்ச்சுவது, ஸ்கூல் வேன் கிளம்புவது, மாமியாரின் மதியச் சாப்பாடு, சாயங்கால விளக்கு. புதிய பழக்கத்தை இதில் ஏதாவது ஒன்றின் வாலில் கட்டுங்கள். ‘வேன் போனதும், வாசல் கேட்டைச் சாத்துவதற்கு முன் பதினைந்து நிமிடம் தெருவில் நடை.’ வேன் எட்டுக்கு வந்தாலும் எட்டரைக்கு வந்தாலும் நடை அதன் பின்னாலேயே வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் சிறுபொழுது என்று படித்திருப்போம். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோம். எனக்கென்னவோ வீட்டு வேலையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு 15 நிமிடக் கட்டங்களைவிட இந்த நான்கு மணி நேரக் கட்டங்கள் பொருத்தமாகத் தெரிகின்றன. ‘எற்பாட்டில் படிப்பு’ என்று வைத்தால் மதியம் 2 முதல் 6க்குள் எப்போது கை ஓய்கிறதோ அப்போது. கொரியர்காரர் வந்தார், மாமியார் கூப்பிட்டார் என்பதெல்லாம் அந்தப் பெரிய கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

இதில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். தினமும் ஒரே நேரத்தில் செய்தால்தானே பழக்கம் வேரூன்றும் என்று சொல்கிறார்களே? ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கூகுள் நிறுவன ஊழியர்கள் சுமார் 2,500 பேரை வைத்து ஜான் பெஷியர்ஸ், கேட்டி மில்க்மன் முதலானோர் செய்த சோதனை 2021இல் வெளியானது. ஜிம்முக்குப் போனால் பணம். ஒரு சாராருக்கு, முன்பே சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் பணம். இன்னொரு சாராருக்கு எப்போது போனாலும் உண்டு. நான்கு வாரம் கழித்துப் பணத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் அதிகமாக ஜிம்முக்குப் போனவர்கள் இரண்டாவது சாரார். நேரம் குறித்துப் பழகியவர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் ஒழுங்காகத்தான் போனார்கள். ஆனால் அந்த நேரம் தவறினால் அன்றைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் ‘காலையில் முடியலையா, சரி, சாயங்காலம்’ என்று பழகியிருந்தார்கள். உங்கள் மூன்றாம் நாள் பிரச்சினை இதுதான். உங்களிடம் இரண்டாவது நேரம் இல்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல் இடமும் ஒரு மாற்று இடமும் வையுங்கள். நடை வேன் போனதும், இல்லாவிட்டால் விளக்கேற்றியதும். இரண்டும் தவறினால் நட்சத்திரக் கோலம்.

எல்லாவற்றையும் இப்படி வளைக்க முடியாது. வார்டிலும் சில விஷயங்களுக்கு நேரம் என்றால் நேரம்தான். மாமியாரின் இன்சுலினும் சாப்பாடும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். யாராவது தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்வதானால் வெறும் வயிற்றில், காபிக்கே அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். மூன்றாவதாக, நீங்கள் எழும் நேரம். தூங்கப் போகும் நேரம் முன்பின் ஆனாலும் எழும் நேரத்தை ரொம்பத் தள்ளாமல் வைத்துக்கொண்டு, எழுந்ததும் கொஞ்சம் வெளிச்சத்தில் நின்றால் உடம்பின் கடிகாரம் குழம்பாது. ஆனால் அது ஐந்து மணியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 20ஆம் தேதியை ஒட்டிப் பன்னிரண்டு மணி வரை கண்விழிக்கிறவர் மறுநாள் ஐந்துக்கு எழுந்து யோகா செய்வது உடம்புக்குச் செய்யும் நல்லது இல்லை. இப்படி இறுக்கமாக வைக்க வேண்டியவை மூன்று நான்குக்கு மேல் இருக்காது. அவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மிச்சமெல்லாம் பென்சிலில்.

உங்கள் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் அதுதான் என்று நினைக்கிறேன். மாத வரி கட்டுகிற வாடிக்கையாளர்கள் என்றால் 7ஆம் தேதி டிடிஎஸ் என்கிற பிடித்த வரி, 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி ஊழியர்களுக்கான பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20ஆம் தேதி மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி. (என் தம்பிக்கும் இதே தொழில். மாதத்தின் முதல் 20 நாள் அவனிடம் நல்லது கெட்டது பேச முடியாது.) 21ஆம் தேதியிலிருந்துதான் உங்களுக்கு மூச்சு வரும். அப்படியிருக்க 5ஆம் தேதியும் 25ஆம் தேதியும் எப்படி ஒரே டைம்டேபிளில் அடங்கும்? விவசாயிக்கு நடவு நாளும் அறுப்பு நாளும் ஒன்றா? உங்களுக்கு வேண்டியது மாதத்துக்கு இரண்டு டைம்டேபிள். 1 முதல் 20 வரை எல்லாமே நட்சத்திர அளவு, படிப்பு ஒரே ஒரு கணக்கு, தூக்கத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. 21 முதல் மாதக் கடைசி வரை அன்றாட அளவு, நடுநடுவே மார்கழி. பரீட்சைப் படிப்பின் பெரும்பகுதி அந்தப் பத்து நாளில்தான் நடக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், 8ஆம் தேதி புத்தகத்தைத் திறக்கவில்லையே என்று குமைய வேண்டியதில்லை. அது திட்டத்திலேயே இல்லை.

குற்ற உணர்ச்சிக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் ‘ஓவர் கொடுப்பது’ என்று ஒன்று உண்டு. டியூட்டி முடிகிறவர் அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளையும், செய்த வேலையையும், செய்யாமல் விட்ட வேலையையும் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொரு கட்டிலாகக் காட்டி ஒப்படைப்பது. ‘எட்டாம் பெட்டுக்கு டிரெஸ்ஸிங் ஆகவில்லை, ரத்த ரிப்போர்ட் வரவில்லை, பன்னிரண்டாம் பெட்டுக்கு டிரிப் மாற்ற வேண்டும்.’ ஆகாத வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவோம். அதில் வெட்கம் கிடையாது. எழுதாமல் மறைத்தால்தான் தப்பு. வார்டு என்பது 24 மணி நேரமும் ஓடுவது, ஒருத்தி டியூட்டியில் அது முடிவதே இல்லை. வீடும் அப்படித்தான். ஆனால் வீட்டில் அடுத்த டியூட்டிக்கு வருகிறவளும் நீங்களே என்பதால் ஓவர் கொடுக்காமல் படுத்துவிடுகிறீர்கள். ஆகாத வேலையெல்லாம் தலையணைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நாளைய ‘உங்களுக்கு’ ஓவர் எழுதுங்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனி செய்ய வேண்டியதை எழுதினார்கள். மீதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ‘கணக்கு முடிக்கணும்’ என்று எழுதுவதைவிட ‘ஜவுளிக்கடைக்காரரிடம் ஆகஸ்ட் பர்ச்சேஸ் பில் கேட்க வேண்டும், பத்து மணிக்குப் போன்’ என்று எழுதுங்கள்.

ஒருநாள் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. அதன் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது. அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். அது காலப்போக்கில் எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பழக்கம் யோசிக்காமல் தானாக வருவதற்கு, அந்த 12 வாரப் போக்கை வைத்து அவர்கள் கணித்த நாள் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை, நடு அளவு 66. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடும்படி எதுவும் கெடவில்லை. ஆகவே மூன்றாம் நாள் யோகாவை விட்டது உங்களைக் கவிழ்க்கவில்லை. அதற்குப் பிறகு நான்காம் நாள், ஐந்தாம் நாள், அந்த வாரம் முழுக்க விட்டீர்களே, அதுதான் கவிழ்த்தது. உடைந்ததுதான் உடைந்தது, முழுசா உடையட்டும் என்கிற அந்த மனநிலை டயட்டில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரி வாயில் போன பிறகு இரண்டாவதற்குத் தடை ஏது?

இதற்கு மருந்து, விடுப்பை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்வது. அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சின்ன வேலையைக் கொடுத்து ஒரு வாரம் தினமும் செய்யச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு ஏழு நாளும் செய்ய வேண்டும் என்று இலக்கு. இரண்டாவது குழுவுக்கு ஐந்து நாள் போதும் என்று இலக்கு. மூன்றாவது குழுவுக்கு ஏழு நாள்தான் இலக்கு, ஆனால் அவசரத்துக்கு இரண்டு நாள் மன்னிப்பு. இலக்கை எட்டியவர்கள் முதல் குழுவில் 21 சதவீதம், இரண்டாவதில் 26, மூன்றாவதில் 53. கணக்குப் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான், இரண்டிலும் ஐந்து நாள் செய்தால் போதும். ஆனாலும் ‘கேஷுவல் லீவு’ என்று பெயர் வைத்துக் கையில் கொடுத்ததும் மனுஷ மனம் அதை வீணாக்காமல் சேர்த்து வைக்கப் பார்க்கிறது, ஒருநாள் தவறினாலும் ஆட்டத்தை விட்டு வெளியேறுவதில்லை. நீங்களும் ஒவ்வொரு பழக்கத்துக்கும் வாரம் இரண்டு சிஎல் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்தால் குறித்துவிடுங்கள். காரணம் எழுத வேண்டாம்.

உங்கள் பாஷையிலேயே இன்னொன்று. 3பி தாமதமானால் அரசாங்கம் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் வாங்குகிறது, வரவு செலவே இல்லாத மாதத்தின் நில் ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். அதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் ஒருநாள் யோகா தாமதமானதற்கு உங்களிடமே ஒரு வாரத் தூக்கத்தையும் நிம்மதியையும் அபராதமாக வாங்குகிறீர்கள், உச்சவரம்பே இல்லாமல். வாங்கிய அபராதம் எந்த கஜானாவுக்கும் போகவில்லை. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்வது என்னவென்றால், முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துவிட்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டால் திருந்திவிடுவோம் என்ற நம் நம்பிக்கைக்கு இது நேர்மாறு.

அதற்காக எல்லாக் குற்ற உணர்ச்சியையும் தூக்கிப் போட முடியாது. மாமியாருக்கு ஊசி தவறினாலோ, நம்பிக் கொடுத்தவரின் ரிட்டர்ன் தவறினாலோ மனம் உறுத்த வேண்டும், அது நல்ல உறுத்தல். இன்னொருவருக்கு நாம் பட்ட கடன் அது. வாசிப்பு அரை மணி தவறியதில் யாருக்கு என்ன கடன்? அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து மணிக்கு எழுந்து வெந்நீரில் எலுமிச்சை பிழியும் ஏதோ ஒரு ரீல்ஸில் போய் நிற்கும். அந்த வீடியோவில் டிபன் பாக்ஸ் கட்டுபவர் யார் என்று காட்ட மாட்டார்கள்.

டிபன் பாக்ஸ் என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் கேள்வியில் மாமியார் வருகிறார், பிள்ளைகள் வருகிறார்கள், வீட்டுக்காரர் வரவில்லை. வெளியூர் வேலையில் இருக்கிறார் என்றால் மன்னியுங்கள். வீட்டில்தான் இருக்கிறார் என்றால் ‘கொஞ்சம் உதவி செய்யுங்க’ என்று கேட்காதீர்கள். உதவி என்றால் பொறுப்பு உங்களிடமே இருக்கும், சொல்லிச் சொல்லி வாங்க வேண்டியிருக்கும். முழுசாக ஓவர் கொடுங்கள்: இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் முழுக்க அவருடையது, அல்லது பெரியவளின் கணக்குப் பாடம். கொடுத்த பின் எட்டிப் பார்க்காதீர்கள். வாணலி நீங்கள் தேய்ப்பது மாதிரி பளபளக்காது. பரவாயில்லை.

நர்ஸாக ஒரு வார்த்தை. ஐந்து மணிக்கு எழ முடியவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியமே கண் சொருகுகிறது என்றால் அதைச் சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுக்க 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. பாதிக்கு மேல். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் குறைவு. 9 வைத்துக்கொண்டு தன்னை ஒழுக்கமில்லாதவள் என்று திட்டிக்கொண்டிருந்த எத்தனையோ பேரை ஓபியில் பார்த்திருக்கிறேன். அதேபோல வாரக்கணக்கில் எதிலுமே மனம் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் டைம்டேபிள் அதற்கு வைத்தியம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416க்குப் பேசுங்கள், தமிழில் பேசலாம்.

பிளானர் வேண்டாம். 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினால் அதில் ஒரு பக்கம் காலியாக விட்டதற்குத் தனியாக ஒரு வருத்தம் வரும். உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்டு, தினம் ஒரு தாள் கிழிப்பது. பின்பக்கம் வெறுமையாக இருப்பதாகப் பார்த்து ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நாளைக்கான ஓவரை எழுதி, ஃபிரிட்ஜ் காந்தத்தில் செருகிவிடுங்கள். நேற்றையதைக் கசக்கிக் குப்பையில் போடுங்கள்.

இன்றைக்கு 17ஆம் தேதி. 3பிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. புது டைம்டேபிள் எதையும் இப்போது தொடாதீர்கள். 21ஆம் தேதி காலை, வேன் போனதும் ஆரம்பித்தால் போதும்.